பக்கத்துலயே பல்கலைக்கழகம்... அரசுப் பள்ளிக்கு என்ன லாபம்? செயல் ஆராய்ச்சி: ஒரு விளக்கம்

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக வருபவர்களுக்கு புதுச்சேரி தொடங்கும் இடம் கனகசெட்டிக்குளம். அங்குள்ள செக்போஸ்ட்டைத் தாண்டி சில நிமிடங்கள் போனால் காலாப்பட்டு. சாலையோரமாகவே பாண்டிச்சேரி பல்கலைக்கழகம். 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான மத்தியப் பல்கலைக்கழகம் இது. கல்வியியலுக்கென்று தனிப் புலமும் உண்டு.

இந்த வட்டாரம் ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் என்று தனித்தீவு மாதிரி இருக்கும். தொடக்க வகுப்புகளில் சி.பி.எஸ்.இ. முன்பே வந்துவிட்டாலும், 6-ஆம் வகுப்புக்கு மேல் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம்தான் இருந்தது. 2023-24 கல்வியாண்டில் அது மாறியது. புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையும், 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாற்றப்பட்டன. 2025-ல் 10, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் முதல்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வை எழுதினார்கள்.

புத்தகம் ஒரே வருஷத்தில் மாறலாம். ஆனால், பல வருஷமாக வேறு புத்தகத்தை நடத்திய ஆசிரியரும், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளையும் ஒரே வருஷத்தில் மாறிவிட முடியுமா? வகுப்பறையில் தினமும் புதுப்புதுக் கேள்விகள் வரும். அவற்றுக்குப் பதில் தேட பக்கத்திலேயே இருக்கும் பல்கலைக்கழகம் எப்படி உதவலாம்? 'செயல் ஆராய்ச்சி' முக்கியமாவது இங்கேதான்.

செயல் ஆராய்ச்சி என்றால் என்ன?

முதலில், அது எது இல்லை என்று பார்க்கலாம். கனகசெட்டிக்குளத்துக்கு வடக்கே, அதே ஈ.சி.ஆரில் மரக்காணம் ஒன்றியத்தில் இருக்கிறது முதலியார்குப்பம். 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ஊர். கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இழப்பையும் இந்தத் திட்டத்தின் பலனையும் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் அளந்தார்கள். தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு அது. பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியானது, அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது என்பது அதன் முடிவு.

ரொம்ப முக்கியமான ஆய்வுதான். ஒரு திட்டத்தைத் தொடரலாமா, வேண்டாமா என்று அரசு முடிவெடுக்க இது உதவும். ஆனால், 'என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் நாலு பேருக்கு பின்னம் ஏன் புரியலை?' என்று கேட்கும் ஆசிரியருக்கு இதில் பதில் கிடைக்காது.

அந்தக் கேள்விக்கு ஆசிரியரே பதில் தேடுவதுதான் செயல் ஆராய்ச்சி. கேள்வியை வகுப்பறையிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு மாற்றம் செய்து பார்க்க வேண்டும். நடந்ததைக் குறித்துவைத்து, மற்றவர்களோடு பேசி, மறுபடி மாற்ற வேண்டும். சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1946-ல் இந்த அணுகுமுறையை எழுதினார். 1953-ல் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிகளுக்கென்றே விரித்து எழுதினார். நம் ஊர் பி.எட். மாணவர்களுக்கு இது பாடமாகவே இருக்கிறது.

பல்கலைக்கழகம் எதற்கு?

ஓர் உதாரணம். 7-ஆம் வகுப்பு கணக்கில், எண்களாகக் கொடுத்தால் போடும் பிள்ளைகள், அதையே ஆங்கில வாக்கியமாகக் கொடுத்தால் திணறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிக்கல் கணக்கிலா, மொழியிலா? அதே கணக்கைத் தமிழில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மொழிதான் சிக்கல் என்றால், முதல் ஐந்து நிமிடம் கணக்கைத் தமிழில் பேசிவிட்டுத் தொடங்கலாம். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

40 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே இதையெல்லாம் ஒரே ஆள் குறித்துவைப்பது கஷ்டம். வகுப்பைக் கவனிக்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். கேள்வித்தாளைச் சரியாக வடிவமைக்கவும் ஆள் வேண்டும். 'வேறு இடங்களில் இதே சிக்கலுக்கு என்ன செய்தார்கள்?' என்று தேடித் தர நூலகம் வேண்டும். இந்த மூன்றும் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

இந்தியாவில் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்று தொடங்கியது. அனில் சத்கோபால் தொடங்கிய கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என இரண்டு அமைப்புகள் முன்னெடுத்தன. அடுத்த ஆண்டே டெல்லி பல்கலைக்கழக ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் வந்தார்கள்.

பேராசிரியர்கள் வகுப்புகளுக்கே போனார்கள். பிள்ளைகள் கையால் சோதனை செய்து பார்த்தார்கள். எந்தப் பாடம் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஆசிரியர்கள் மாதாந்திரக் கூட்டங்களில் சொன்னார்கள். அதை வைத்துப் பாடப்புத்தகம் திருத்தப்பட்டது. தேர்வும் மாறியது. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், ஆனால் செய்முறையும் உண்டு. 1978-ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982-ல் இதைத் தொடர 'ஏகலவ்யா' நிறுவனம் உருவானது.

முடிவு? 2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. 30 வருஷ வேலை ஓர் அரசு உத்தரவோடு முடிந்தது.

இந்தக் கதையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. அரசு அனுமதித்ததால்தான் புத்தகம், தேர்வு வரை மாற்ற முடிந்தது. அந்த அனுமதி போனதும் எல்லாம் போனது. அதனால், கூட்டு முயற்சியை ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்தில் மட்டும் நிறுத்த முடியாது.

தடை எங்கே இருக்கிறது?

* நேரம்: பாடம், பதிவேடு, தேர்தல் பணி எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் ஆராய்ச்சி என்றால் அது நடக்காது.

* பயம்: 'நான் செய்தது பலிக்கலை' என்று எழுதுவதுதான் செயல் ஆராய்ச்சியின் உயிர். அதையே அதிகாரி குறையாக எடுத்துக்கொள்வார் என்றால் எல்லா அறிக்கையும் 'வெற்றி' என்றே முடியும்.

* பெயர்: தகவல் பள்ளியிலிருந்து, பெயரும் பட்டமும் பல்கலைக்கழகத்துக்கு என்றால் ஆசிரியர் அடுத்த முறை கதவைத் திறக்க யோசிப்பார். முடிவு முதலில் அந்தப் பள்ளிக்கு, தமிழில், போய்ச் சேர வேண்டும். ஆசிரியர் பெயரும் ஆய்வில் இருக்க வேண்டும்.

* பிள்ளைகள்: அவர்கள் சோதனைப் பொருள் இல்லை. என்ன செய்கிறோம் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு என்ன வாய்ப்பு?

புதிதாக ஒரு திட்டம் அறிவிக்க வேண்டிய அவசியம் இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிகளின்படி பி.எட். படிப்பு இரண்டு வருஷம். அதில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. இந்த 16 வாரத்தைப் பாடக்குறிப்பு நோட்டை நிரப்புவதோடு முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால், வகுப்பு ஆசிரியர் எழுப்பும் ஒரு கேள்வியை இருவரும் சேர்ந்து துரத்தலாம். பயிற்சி மாணவர்தான் அந்த 'இன்னொரு ஜோடிக் கண்'.

அடுத்து, தேசிய கல்விக் கொள்கை 2020 சொல்லும் வருடத்துக்கு 50 மணி நேர ஆசிரியர் பயிற்சி. சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர்களுக்கு இது பொருந்தும். செயல் ஆராய்ச்சிக்குச் செலவிடும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வழிசெய்தால் நேரப் பிரச்னையில் பாதி தீரும்.

மூன்றாவது, 'டயட்' எனப்படும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து நாடு முழுக்க வந்த இந்த நிறுவனங்களின் வேலைகளில் செயல் ஆராய்ச்சியும் ஒன்று. பயிற்சி மாணவர்கள் 16 வாரத்தில் கிளம்பிவிடுவார்கள். அடுத்த வருஷம் வரும் மாணவரிடம் அந்த நோட்டை ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும். அதற்கு டயட் பொருத்தமானது.

யாருக்கு லாபம்?

பல்கலைக்கழகத்துக்கு உண்மையான வகுப்பறை கிடைக்கிறது. பி.எட். மாணவருக்கு வேலைக்குப் போகும் முன்பே அனுபவம். ஆசிரியருக்குத் தன் கேள்வியை மதிக்கும் துணை. முக்கியமாக, பாடத்திட்டம் மாறிய வருஷங்களில் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது அவசரம். இன்று 7-ஆம் வகுப்பில் கணக்கை ஆங்கிலத்தில் படித்துத் திணறும் பிள்ளை மூன்றே வருஷத்தில் பொதுத்தேர்வு எழுதும். பெரிய ஆய்வின் முடிவு வரும்வரை அந்தப் பிள்ளையால் காத்திருக்க முடியாது.