நல்ல நாயனம் எங்க வாங்கலாம்?

தொழில்முறையாக வாசிக்க ஒரு கிளாரினெட் வாங்க நினைக்கிறவருக்கு வேலை ஓரளவு லேசு. பஃபே கிராம்போனின் ஆர்13, யமஹாவின் கஸ்டம் வரிசை என்று மொடல் பெயர்கள் இருக்கு. விலைப்பட்டியல் இருக்கு. ஊதுகிற ரீட்டுக்குக்கூட 2½, 3 என்று நம்பர் போட்டுப் பெட்டியில் விற்கிறார்கள். அதே கேள்வியை நாதஸ்வரத்துக்குக் கேட்டுப் பாருங்கள். கச்சேரியில் வாசிக்கக்கூடிய ஒரு நாயனத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று எங்க போய், எதைப் பார்த்து, ஆரைக் கேட்டு வாங்கும்? எங்கட கோயில் திருவிழாக்களில் இந்தச் சத்தம் இல்லாமல் சாமி வெளிய வராது. இருந்தும் இந்தக் கேள்வியை மேளகாரக் குடும்பங்களுக்கு வெளியே நாங்கள் கேட்டதே இல்லை.

நாங்கள் சொல்ல வருவது இரண்டு விஷயம். ஒன்று, நல்ல நாயனத்தைப் பெயரை நம்பிப் பார்சலில் எடுக்கேலாது, ஊதிப் பார்த்துத்தான் எடுக்க வேணும். இரண்டு, அப்படி எடுப்பது செலவான காரியம் என்பதால் அந்தப் பாரத்தைப் பிள்ளையின் வீட்டுக்காரர் தலையில் மட்டும் போடக்கூடாது.

முதலில் எங்க என்பதைப் பார்ப்போம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் இருக்கிற நரசிங்கம்பேட்டைதான் நாயனத்துக்குப் பெயர்போன ஊர். ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அதுவும் புதிதாக வெட்டின மரம் சரிவராது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, ஈரமெல்லாம் போய் இறுகின மரம்தான் வேணும். அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரியும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் சேர்ந்து, 1950களில் சுத்த மத்திமம் சரியாகப் பேசுகிற நீளமான பாரி நாயனத்தை உருவாக்கினார்கள். அதற்கு முந்தின திமிரி நாயனம் குட்டை, சுருதியும் கூட. இன்று கச்சேரியில் நாங்கள் கேட்பது பெரும்பாலும் பாரிதான். வாசிக்கிறவரும் செய்கிறவரும் ஒரே இடத்தில் இருந்து, ஊதி, திருத்தி, திரும்ப ஊதி உருவான வாத்தியம் இது. அதை வாங்குகிற முறையும் அப்படித்தான் இருக்க வேணும்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் குறியீடு ஊருக்கும் செய்முறைக்கும் கிடைத்தது. உங்கட கையில் இருக்கிற குழல் சுருதி சேருமா என்று அது சொல்லாது. ஒரே ஆசாரி, ஒரே மரத்தில் கடைந்த இரண்டு குழல்கூட இரண்டு விதமாகப் பேசும்.

அப்ப எப்படிப் பார்ப்பது? குருவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. முடியாவிட்டால் பல வருசம் வாசித்த ஒருவரையாவது. உங்களுக்குப் பழகின சீவாளியைக் கொண்டுபோங்கோ. சீவாளியும் புதிது, குழலும் புதிது என்றால் பிழை எதில் என்று பிடிக்கேலாது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கோ, துளை நேராக இருக்கா, மயிரிழை வெடிப்பு இருக்கா என்று. சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு ஒவ்வொரு சுரமாக நீட்டி ஊதுங்கோ. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சுரம் நழுவுதா, மத்திமம் இழுத்தால் நிற்குதா என்று கேளுங்கோ. விரல் வைக்கிற 7 துளை தவிர கீழே இன்னும் 5 துளை இருக்கு. சுருதியைச் சரிப்படுத்த அவற்றில் மெழுகு அடைப்பார்கள். மெழுகால் கொஞ்சம் திருத்தலாம். முழுப் பிழையையும் மறைக்கேலாது.

சீவாளி தனிக் கதை. நாணலில் செய்வது, திருவாவடுதுறைப் பக்கம் அதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கினம். நாயனத்தின் வாயருகில் நூலில் தொங்குகிறதைச் சின்ன வயதில் அலங்காரம் என்று நினைத்திருப்பீர்கள். அது மாற்றுச் சீவாளியும் அதைச் சரிசெய்கிற ஊசியும். ஆகவே நாயனம் வாங்குகிறவர் சீவாளிக்காரரோடும் ஒரு உறவை வாங்கிக்கொண்டுதான் வர வேணும்.

இன்னொரு வழி பழைய நாயனம். வாசிப்பை விட்ட வித்துவான்களின் வீட்டில் நல்ல ஆச்சாக் குழல்கள் பெட்டிக்குள் கிடக்கலாம். வெடிப்பு இல்லாமல், சுருதி நிற்குமென்றால் அது புதுசைவிட நல்லதாகவே இருக்கலாம். மரியாதையாகப் போய்க் கேட்டு, நியாயமான விலை கொடுத்து வாங்க வேணும். "சும்மாதானே கிடக்குது, தாங்கோவன்" என்று கேட்கிற பொருள் இல்லை அது.

இனி ஆர் காசு கொடுப்பது? அளவெட்டி என்.கே. பத்மநாதன், தவில் மேதை தட்சிணாமூர்த்தி என்று பெயர்களைப் பெருமையாகச் சொல்லுவோம். ஆனால் அந்த வாத்தியத்தை ஒரு சாதியின் தொழில் என்று ஒதுக்கி வைத்ததும் நாங்கள்தான். வீதியில் சாமிக்கு முன்னால் நடக்க விட்டுப் பந்தியில் பின்னுக்கு இருத்தின ஊர்கள் உண்டு. அப்படி ஒதுக்கினதால் நாயனத்தைத் தெரிவு செய்கிற அறிவும் அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே நின்றது. இப்போது அங்கே ஒரு பிள்ளை வேறு வேலை தேடிப் போனால் அதைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. வெளியில் இருந்து படிக்க வருகிற பிள்ளைக்கோ வழி காட்ட வீட்டில் ஒருவரும் இல்லை. விசா, பயணம், குழல், சீவாளி எல்லாம் சொந்தச் செலவு.

"படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு நல்ல நாயனம், முதல்ல கிடைக்கிறதில ஊதட்டும்" என்று சொல்லுவினம். தொடங்குகிற பிள்ளைக்குக் கச்சேரி நாயனம் தேவையில்லை என்பது சரி. ஆனால் சுருதி சேராத குழல் கூடாது. நாயனத்தில் பாதிச் சுரம் உதட்டிலும் மூச்சிலும்தான் உருவாகுது. பிழையான குழலைச் சமாளித்துப் பழகின உதடு, நல்ல குழல் கைக்கு வந்த பிறகும் பிழையாகத்தான் ஊதும். அரங்கேற்றம் தாண்டின பிள்ளைக்கு அப்படி ஒரு குழலைக் கொடுத்துவிட்டு "முன்னேறவில்லை" என்று சொல்வது அநியாயம்.

எங்கட யோசனை சின்னது. மேளச்சமா வைக்கிற கோயில்கள், அந்த ஓர் இரவுக்கு ஒதுக்குகிற காசில் ஒரு பங்கை நாயனம் வாங்க ஒதுக்கட்டும். விலை குறைந்த கேள்விப்பத்திரத்துக்கு 20 குழலை ஒன்றாக எடுக்கிற வேலை வேண்டாம். வருசத்துக்கு ஒன்று போதும். குருவும் பிள்ளையும் நேரே போய் ஊதிப் பார்த்துத் தெரிவு செய்யட்டும். 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கின காங்கேசன்துறைக் கப்பல் ஏறக்குறைய 4 மணித்தியாலத்தில் நாகப்பட்டினம் போகுது. அங்கிருந்து நரசிங்கம்பேட்டை பஸ்ஸில் போகிற தூரம். வாங்கின நாயனம் கோயிலின் பெயரில் இருக்கட்டும். பிள்ளை சொந்தமாக ஒன்று வாங்குகிற நிலைக்கு வந்ததும் அடுத்த பிள்ளையின் கைக்குப் போகட்டும். அந்தப் பிள்ளை எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்று மட்டும் ஒருவரும் கேட்கக்கூடாது.

வித்துவானுக்கு 60 வயதில் பொன்னாடை போர்த்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். 16 வயதில் அவர் கையில் என்ன நாயனம் இருந்தது என்று கேட்கத் தொடங்குவோம்.