கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

நம் கழகத்தின் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டோ தெரியவில்லை. எனக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அவற்றில் ஒரே வாக்கியம் தலைகாட்டும்: "கழகத்தின் அகப்பக்கம் இவ்வாண்டு வெற்றிகரமாகத் தொடக்கம் கண்டது." எண்ணிப் பார்த்தேன். மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் அது 'முதல்' அகப்பக்கம்தான்! முந்தையது என்ன ஆனது என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை. அந்த மூன்றில் ஒன்றுக்கு நானும் பொறுப்பு. ஆகவே இதனை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமையும் நிறைய வெட்கமும் இருக்கின்றன.

2004-ஆம் ஆண்டு. நான் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவி. "நமக்கும் ஓர் அகப்பக்கம் வேண்டும்" என்று செயலவைக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. செயலவையினரின் படங்களையும் தலைவர் உரையையும் மட்டும் போட்டு என்ன பயன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். "வேறு என்ன போடலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார் தலைவர். எங்கள் ஊரைச் சொன்னேன்.

ஹுத்தான் மெலிந்தாங் பேராக்கின் தென்கோடியில், பெர்னாம் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர். அக்கரை சிலாங்கூர். ஒரு பக்கம் படகுத்துறையும் மீன் வாடையும். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தோட்டங்கள். டென்மார்க் நாட்டவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கிய ஜெண்டராட்டா ரப்பர் நிறுவனம் இந்த வட்டாரத்தில்தான் வேரூன்றியது; பிற்காலத்தில் அதுவே யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆயிற்று. பெரிய தோட்டத்தின் வரலாற்றை எழுத ஆள் இருக்கிறது. சின்னத் தோட்டங்களுக்கு யார் இருக்கிறார்கள்? என் தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிபட்டன. சனங்கள் தாமான்களுக்கும் கிள்ளான், ஷா ஆலாம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் கலைந்து போனார்கள். செம்பனைகளுக்கு நடுவே கோயில் மட்டும் நின்றது. அந்தத் தோட்டத்து மக்களின் படங்களையும் பேச்சையும் திரட்டி இணையத்தில் ஏற்றலாம் என்பதே என் யோசனை.

ஆறு பேர் சேர்ந்தோம். கணினித் துறைத் தோழர் ஒருவர் பக்கங்களை வடிவமைத்தார். அவர் தேசியப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக்கூட்டி வாசிப்பார். தமிழியல் மாணவியர் இருவர் பிழை திருத்தினார்கள். மற்றவர்கள் என்னோடு புடுராயாவில் பேருந்து ஏறித் தெலுக் இந்தான் போய், அங்கிருந்து வேறு பேருந்து பிடித்து ஹுத்தான் மெலிந்தாங்கில் இறங்குவார்கள். கையில் ஒரு கேசட் பதிவுக்கருவி. நான்கு வார இறுதிகள் இப்படியே போயின. பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, தண்டலின் அதட்டல், மழைக்காலத்தில் மங்கில் நீர் நிரம்பி அன்றைய கூலி போவது என்று கிழவர்களும் கிழவிகளும் பேசப் பேச நாடாக்கள் தீர்ந்தன.

எங்கள் குழுவின் மிகப் பெரிய சண்டை எதனைப் பற்றியது தெரியுமா? ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்பதைப் பற்றி. பிழை திருத்திய தோழியருள் ஒருவர் 'ஹு' கூடவே கூடாது என்றார். 'உத்தான்' என்றுதான் எழுத வேண்டுமாம். ஊர்க் கிழவர்களோ 'ஊத்தாமெலிந்தாங்' என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள். பள்ளிப் பெயர்ப்பலகை வேறு மாதிரி சொன்னது. இரண்டு வாரம் வாதிட்டோம். கடைசியில் 'ஹு' வென்றது. பரவாயில்லை, அது நல்ல சண்டைதான். ஆனால், அந்த இரண்டு வாரத்தில் ஒரு மணி நேரமாவது கடவுச்சொல்லை யார் வைத்துக்கொள்வது, நாங்கள் பட்டம் பெற்றுப் போன பிறகு யாரிடம் கொடுப்பது என்று பேசியிருக்கலாம். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

இன்னொரு முடிவையும் தவறாக எடுத்தோம். அக்காலத்தில் தமிழை இணையத்தில் ஏற்றப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. தமிழ்நாட்டரசு 1999-இல் அறிவித்த தாம், தாப் ஒரு புறம், மடற்குழுக்களில் பரவிய திஸ்கி மறுபுறம், யூனிகோடு வந்துகொண்டிருந்தது. சைபர் கபேக்களில் அப்போதும் விண்டோஸ் 98 ஓடிய கணினிகள் இருந்தன. அவற்றில் யூனிகோடுத் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எனவே எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று திஸ்கியைத் தேர்ந்தெடுத்தோம். திஸ்கியில் தமிழெழுத்துக்குத் தனி எண் கிடையாது. ஐரோப்பிய மொழிகளின் கொம்பு வைத்த எழுத்துகளுக்கு உரிய இடங்களில் நம் எழுத்தின் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். உரிய எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். யூனிகோடில் 'அ' என்றால் எந்தக் கணினியிலும் 'அ'தான். அன்றைய வாசகரை மட்டும் நினைத்தோம், பத்து ஆண்டு கழித்து வரப்போகிறவரை நினைக்கவில்லை.

2005-இல் தொடக்க விழா. பதாகை, மங்கல விளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தியதும் கைத்தட்டல், பிறகு மீ கோரேங்கும் சிரப்புத் தண்ணீரும். செலவு எண்ணூறு வெள்ளியைத் தொட்டது. அகப்பக்கத்தின் முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் ஐம்பது வெள்ளிகூட இல்லை.

2006-இல் பட்டம் பெற்றோம். முகவரியைப் பதிவு செய்தவர் தம் மாணவர் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சல் மூடப்பட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போயின. இத்தகைய முகவரி காலாவதியானால் உடனே பறிபோய்விடாது. மீட்டெடுக்கச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. யாராவது ஒருவர் ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் போதும். ஆறு பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது 2008. எங்கள் முகவரியில் யாரோ கைத்தொலைபேசி விளம்பரம் போட்டிருந்தார்கள்.

வருத்தப்பட்டேன், மறந்தேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால், 2011 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு பாட்டி என்னைத் தேடி வந்தார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டி அவர். என் அம்மாவையே தொட்டிலாட்டியவர். 2004-இல் எங்களுக்கு ஒரு படம் கொடுத்தார். லயத்து வாசலில் பள்ளிச் சீருடையோடு நிற்கும் மகன். அந்தப் பையன் பதின்மூன்று வயதில் ஆற்றில் மூழ்கி இறந்தவன். வேறு படம் கிடையாது. நாங்கள் ஸ்கேன் செய்துவிட்டுப் படத்தைப் பத்திரமாகத்தான் திருப்பிக் கொடுத்தோம். இடையில் வீட்டில் வெள்ளம் புகுந்து படம் ஊறிப் போயிற்று.

"கம்பியூட்டர்ல போட்டுட்டா அழியாதுன்னு நீதானே சொன்ன தாயி. அதுலேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடு" என்றார்.

ஆம், நான்தான் சொன்னேன். அந்த வார்த்தைகள் அப்படியே என் நினைவில் இருந்தன.

கோலாலம்பூர் திரும்பியதும் ஆறு பேரையும் தொலைபேசியில் பிடித்தேன். மூலக் கோப்புகள் இருந்த கணினி எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. வட்டு ஒன்று அகப்பட்டது, திறக்கவில்லை. இணைய ஆவணக் காப்பகத்தின் பழைய பக்கத் தொகுப்பில் தேடினேன். 1996 முதல் உலக அகப்பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் அந்த நிறுவனம், எங்கள் பக்கங்களில் பதினொன்றை எடுத்து வைத்திருந்தது. எழுத்துகள் கிறுக்கலாகத் தெரிந்தன. திஸ்கியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டதும் பாட்டியின் பேச்சு வரி பிசகாமல் திரும்பி வந்தது. படம் இருந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும் மட்டுமே இருந்தன.

படம் கிடைத்தது எங்கே தெரியுமா? இதே மலரில். 2005-ஆம் ஆண்டு இதழில் அகப்பக்கத்தைப் பற்றிய செய்திக்கு இடம் நிரப்ப அதைக் கறுப்பு வெள்ளையில், தபால்தலையைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதைப் பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி கண்ணருகே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "சட்டை இவனுதுதான்" என்றார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாணவர் முயற்சி என்றால் இப்படித்தான், ஆர்வம் உள்ளவரை ஓடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1999-இல் அவர் மறைந்தார். வேலை அவரோடு மறையவில்லை. 2000-இல் உத்தமம் உருவாயிற்று. 2001-இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூருக்கே வந்தது. நாங்கள் மங்கல விளக்கேற்றிய அதே 2005-இல் ஈழத்துத் தமிழ் இளைஞர்கள் சிலர் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் படி எடுத்து வைப்பதன் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவர்களும் ஊதியமில்லாமல்தான் தொடங்கினார்கள். ஆனால், வேலையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்ற வழி செய்துகொண்டார்கள். பல்லாயிரம் நூல்களும் இதழ்களும் இன்று அங்கே வாசிக்கக் கிடக்கின்றன. நம் நாட்டிலேயே முரசு நெடுமாறன் ஐயா தொகுத்த கவிதைக் களஞ்சியம் இருக்கிறது. அவர் மகன் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இருக்கிறது. கேரித்தீவுத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது கைவராது என்று சொல்ல இடமில்லை.

"இப்போது முகநூல் இருக்கிறதே, அகப்பக்கம் எதற்கு?" என்று தம்பி தங்கையர் கேட்கிறார்கள். முகநூல் பக்கத்துக்கும் நிர்வாகி ஒருவர் உண்டு, அவரும் பட்டம் பெற்றுப் போவார். ஜியோசிட்டிஸில் இலவசமாகப் பக்கம் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2009-இல் யாஹூ அதை மூடிவிட்டது.

இவ்வாண்டுச் செயலவை புதிய அகப்பக்கம் ஒன்றைத் திட்டமிடுவதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. வடிவமைப்பைப் பற்றி எனக்குக் கருத்தில்லை, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முகவரியைத் தனியாள் பெயரில் பதியாதீர்கள். கழகத்துக்கென்று நிலையான மின்னஞ்சல் ஒன்று வைத்து, ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பதுபோல் கடவுச்சொல்லையும் ஒப்படையுங்கள். கூட்டக் குறிப்பில் அதனை எழுதுங்கள். மூலப் படங்களைச் சுருக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று பல்கலைக்கழக நூலகமாக இருக்கட்டும். விழாவுக்கு ஒதுக்கிய பணத்தில் பத்தாண்டு முகவரிக் கட்டணத்தை முதலில் கட்டுங்கள். மீதி இருந்தால் மீ கோரேங் போடுங்கள்.

நான் மீட்ட பதினொரு பக்கங்களையும் யூனிகோடில் மாற்றி வைத்திருக்கிறேன். அவற்றில் 'ஹிலிர் பேராக் மாவட்டம்' என்று இருக்கும். 2017-இலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் பாகான் டத்தோ மாவட்டத்தில் இருக்கிறது. அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கேசட்டுகள் ஒன்பதும் என்னிடம் உள்ளன. ஓட்டிப் பார்க்கக் கருவிதான் இல்லை. யார் வந்து வாங்கிக்கொள்ளப் போகிறீர்கள் என்பதைச் செயலாளர் எனக்கு எழுத்தில் தெரிவித்தால் கொடுத்துவிடுகிறேன்.