வழித்துணை: தண்ணீரிலிருந்து தண்ணீருக்கு



கடந்த இதழில் பழைய சைக்கிள் ஒன்றைத் திருத்தி எடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். வயது நாற்பத்தொன்று. கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். தையல் நிலையம் வீட்டிலிருந்து ஏழு கிலோமீற்றர் தூரம். பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. "கலியாணம் கட்டிய பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. இந்த வயதில் ஏறினால் ஊர் சிரிக்காதா? கிரவல் றோட்டில் விழுந்து கையைக் காலை முறித்துக்கொண்டால் என் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்களுக்குப் பதில் சொல்ல நான் கொஞ்சத் தூரம் போகவேண்டியிருக்கிறது. ஜோர்தான் நாட்டுப் பாலைவனம் வரைக்கும்.

2016 முதல் 2019 வரை நான் ஜோர்தானின் தலைநகர் அம்மானில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தேன். உலகத்திலேயே தண்ணீர் மிகக் குறைந்த நாடுகளில் ஜோர்தானும் ஒன்று. நான் இருந்த வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிழமையில் ஒரு நாள்தான் வரும். அன்றைக்குக் கூரையில் இருக்கும் தாங்கிகளை நிரப்பி, அதை அடுத்த கிழமை வரை கொண்டுசெல்ல வேண்டும். முகாமில் பவுசருக்குப் பின்னால் வாளியோடு நின்ற எனக்கு அந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2018 பங்குனியில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு வாடி ரம் பாலைவனத்துக்கு விடுமுறைக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பார்க்க என்னையும் கூட்டிச் சென்றார்கள். வாடி என்றால் எங்களுக்கு மீன் வாடி. அரபு மொழியில் அது மழைக்கு மட்டும் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. வாடி ரம் ஜோர்தானின் தெற்கில், சவூதி எல்லைக்குக் கிட்ட இருக்கிறது. சிவந்த மணல், அதன் நடுவே செங்குத்தான கற்பாறை மலைகள். செவ்வாய்க் கிரகத்துக் கதைகளைப் படமெடுக்கிறவர்கள் அங்கேதான் வருவார்கள். 2011இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நாங்கள் தங்கிய கூடாரத்தை ஒரு பெதூயின் குடும்பம் நடத்தியது. பாலைவனத்தில் ஆடும் ஒட்டகமும் வளர்த்து வாழ்ந்த மக்கள் அவர்கள். ஆட்டு மயிரைத் திரித்துக் கூடாரத் துணி நெய்வது அங்கே பெண்களின் வேலை. மழை பட்டால் அந்த நூல் ஊதி, இடைவெளி அடைபட்டு, தண்ணீர் உள்ளே இறங்காதாம். தறப்பாளுக்குக் கீழே ஒழுக்குக்குச் சட்டி வைத்து இரவைக் கழித்த எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது.

இரண்டாம் நாள் விடியமுன் எழும்பினேன். பாலைவனத்துக் குளிர் கொடுமையானது. வெளியே இரண்டு பெண்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி ஐரோப்பியப் பெண். மற்றவள் அம்மானைச் சேர்ந்த ஜோர்தானியப் பெண். எனக்கு அதற்குள் அரபு ஓரளவு வரும். என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

அவர்கள் ஜோர்தான் சைக்கிள் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். அது வடக்கே உம் கைஸ் என்ற ஊரில் தொடங்கித் தெற்கே அகபா கடற்கரை வரை சுமார் 730 கிலோமீற்றர் நீளம். உம் கைஸில் நின்று பார்த்தால் கலிலேயாக் கடல் தெரியும். அங்கிருந்து அஜ்லூன் பக்கத்து மரக்காடுகள், ஒலிவ் தோட்டங்கள், கராக் கோட்டை, தானா மலைக்கிராமம், பாறையைக் குடைந்து கட்டிய பழைய பெட்ரா நகரம், அதற்கப்பால் ஹுமைமா, வாடி ரம், கடைசியாக அகபா. தார் றோட்டும் உண்டு. கல்லும் கிரவலும் மணலுமாகக் கிடக்கும் பாதையும் உண்டு. இப்படியான பாதைக்கென்றே வெளிநாடுகளில் இப்போது 'கிரவல் சைக்கிள்' என்று ஒரு வகை விற்கிறார்கள். அகலமான ரயர், மேட்டில் ஏற இலேசான கியர், கரியருக்குப் பதிலாகச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டும் பைகள்.

ரயரை விரலால் அளந்து பார்த்தேன். நாற்பது மில்லிமீற்றர்தான் இருக்கும். எங்களுடைய பெரிய சைக்கிளின் ஒன்றரை இஞ்சி ரயர் அதைவிட இரண்டு மில்லிமீற்றர்தான் ஒல்லி. கிரவல் சைக்கிள் என்று பெயர் வைக்க முதலே நாங்கள் அதை ஓடியிருக்கிறோம், சகோதரிகளே. அரிசி மூட்டையையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

பிரச்சினை முள். அந்தச் சைக்கிளில் ரியூப் கிடையாது. ரயருக்குள்ளே பால் போன்ற ஒரு திரவம் இருக்கும். சின்ன ஓட்டை விழுந்தால் அது தானாக அடைத்துவிடும். ஓட்டை பெரிதானால் ஒரு ரியூப்பைப் போட்டுத்தான் ஓடவேண்டும். அவர்கள் முதல்நாள் பின்னேரம் ரியூப் போட்டார்கள். இரவுக்குள் காற்றுப் போய்விட்டது. அதற்கு ஒட்டுப் போட்டார்கள், அதுவும் போய்விட்டது.

எனக்கு விளங்கியது. தலையில் கட்டியிருந்த பருத்தித் துணியை அவிழ்த்து, ரயரின் உட்பக்கத்தை அதால் மெதுவாகத் துடைத்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் நூல் கொளுவியது. எங்கள் உடைமுள்ளைப் போன்ற ஒரு முள்ளின் நுனி, வெளியே தெரியாமல் உள்ளே முறிந்து கிடந்தது. முள்ளை எடுக்காமல் எத்தனை ஒட்டுப் போட்டும் பயனில்லை. அடுத்து ரியூப்பில் ஓட்டையைத் தேடவேண்டும். ஊரில் என்றால் தாச்சியில் தண்ணீர் எடுத்து அமிழ்த்திப் பார்ப்போம். அங்கே தண்ணீர் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ரியூப்பைக் கன்னத்தோடு வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தேன். காற்று வருமிடம் கன்னத்தில் குளிர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடான தொண்ணூறுகளில் என் ஐயா கற்றுத்தந்த வேலை அது. 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்த பிறகு நான் ஒட்டுப் போட்டதே இல்லை. ஒன்பது வருடம். ஆனாலும் கை மறக்கவில்லை.

அந்தப் பெண் என்னை "உக்தி" என்று கூப்பிட்டாள். என் சகோதரி என்று பொருள். தேநீர் தந்து வரைபடத்தை விரித்துக் காட்டினாள். நான் ஊர்களையும் தூரத்தையும் தேடினேன். அவள் நீல மையால் போட்ட புள்ளிகளைக் காட்டினாள். எல்லாம் தண்ணீர் கிடைக்கும் இடங்கள். "பெட்ராவுக்குத் தெற்கே நாங்கள் கிலோமீற்றரை எண்ணுவதில்லை. அடுத்த தண்ணீர் எங்கே என்று மட்டும்தான் பார்ப்போம்" என்றாள்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ பாரம். பத்து லீற்றர் கொண்டுபோனால் பத்துக் கிலோ. கூடக் கொண்டுபோனால் மணலில் சைக்கிள் புதையும். குறையக் கொண்டுபோனால் வழியில் நா வரளும். ஆகவே இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டு, அதோடு கொஞ்சம் கூடுதலாக எடுப்பார்கள். தார் றோட்டில் ஒரு மணித்தியாலத்தில் போகும் தூரத்துக்கு மணலில் நாலு மணித்தியாலம் செல்லும். அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். நடு வெயிலில் ஓடமாட்டார்கள். காற்றும் மணலும் கிளம்பினால் இறங்கி இருப்பார்கள்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த கணக்கல்ல. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னர் அங்கே வாழ்ந்த நபத்தேயர்கள் ஹுமைமாவில், வருடத்துக்கு எண்பது மில்லிமீற்றர் அளவில் மட்டும் மழை பெய்கிற இடத்தில், ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். மலை ஊற்றிலிருந்து 26 கிலோமீற்றருக்கு மேல் கல்லால் வாய்க்கால் கட்டினார்கள். நிலத்துக்குக் கீழே தொட்டி வெட்டி, வெயில் படாமல் கல்லால் மூடி, மழைநீரைச் சேர்த்தார்கள். இன்றைக்கும் வாடி ரம்முக்கு அருகே டிசி என்ற இடத்தில், பல ஆயிரம் வருடங்களுக்கு முன் பெய்த மழையின் நீர் நிலத்தடியில் இருக்கிறது. 2013 முதல் அதை 325 கிலோமீற்றர் குழாய் வழியாக அம்மானுக்குக் கொண்டுபோகிறார்கள். நான் கிழமைக்கொருக்கால் தாங்கியில் பிடித்த தண்ணீரில் இந்தப் பாலைவனத்துத் தண்ணீரும் கலந்திருந்தது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"நீ ஓடுவாயா?" என்று அவள் கேட்டாள். வீட்டுக்காரர் இன்னும் எழும்பவில்லை. ஏறினேன். இருபது யார் போயிருப்பேன். புதை மணலில் முன்சில்லு இறங்க, ஹான்டிலை வெட்டித் திருப்பினேன். விழுந்துவிட்டேன். அவள் வந்து சிரிக்காமல் இரண்டு ரயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினாள். காற்றுக் குறைந்தால் ரயர் பரந்து மணலுக்கு மேலே நிற்கும். "பாரத்தைப் பின்னுக்கு வை. ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காதே, திருப்பாதே. பெடலை மட்டும் ஒரே சீராக மிதி" என்றாள். இரண்டாம் முறை அந்தப் பாறைவரை போய்த் திரும்பி வந்தேன். முகத்தில் காற்றுப் பட்டது. அழுகை வந்தது. ஏன் என்று நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வெட்கத்தைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். முதல் தரம் சைக்கிளில் போனபோது பெரியம்மாமார் மூன்று மாதம் தன்னோடு கதைக்கவில்லை என்றாள். "பிறகு?" என்றேன். "பிறகு கதைத்தார்கள்" என்றாள்.

போகமுன் அவள் இன்னொன்றும் கேட்டாள், என் கடவுச்சீட்டு யாரிடம் என்று. வீட்டுக்காரரிடம் என்றேன். பிறர் அதைப் பிடித்து வைத்திருப்பது ஜோர்தான் சட்டப்படி குற்றம் என்று சொன்னாள். எனக்கு அப்போது இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. அம்மானுக்குத் திரும்பி, உடனே எல்லாவற்றையும் கேட்டுச் சண்டை பிடிக்கவில்லை. எனது அடுத்த தண்ணீர் எது என்று யோசித்தேன். முதலில் கடவுச்சீட்டின் பிரதி. பிறகு ஒரு மாதச் சம்பளம். அதன் பிறகு கடவுச்சீட்டு. எட்டு மாதம் எடுத்தது. கடைசி மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. ஆனால் 2019இல் என் கையில் என் கடவுச்சீட்டோடு வந்து இறங்கினேன்.

பாலைவனத்தை நான் அழகாக மட்டும் காட்டக்கூடாது. அங்கே தாகத்தைப் போலவே வெள்ளமும் உயிரைக் கொல்லும். 2018 ஐப்பசி 25ஆம் திகதி சாக்கடல் அருகே திடீர் வெள்ளம் வந்து 21 பேர் இறந்தார்கள். பலர் சுற்றுலா போன பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்றைக்கு அம்மான் முழுவதும் துக்கம். எங்கோ மலையில் பெய்த மழை வறண்ட பள்ளத்தாக்கில் சில நிமிடத்தில் இறங்கிவிடும். அதனால்தான் பாதை தெரிந்தவர்கள் மேகத்தைப் பார்ப்பார்கள், எந்தக் காலத்திலும் ஆற்றுப் படுக்கையில் படுக்கமாட்டார்கள்.

கடிதம் எழுதிய சகோதரி, இனி உங்கள் ஏழு கிலோமீற்றருக்கு வருவோம். முதல் நாளே தையல் நிலையம் வரை போகவேண்டாம். முதல் கிழமை வளவுக்குள் ஓடுங்கள். பிறகு ஒழுங்கை முடிவு வரை. பிறகு பாதி வழியில் தெரிந்த ஒரு வீட்டுக்கிணறு வரை. கிரவலில் காற்றைக் கல்லுப்போல அடிக்காதீர்கள். பெருவிரலால் அமத்தினால் கொஞ்சம் பதியவேண்டும். மிகவும் குறைத்தால் பள்ளத்தில் ரியூப் நசிந்து ஓட்டை விழும். ஒரு ஒட்டுப் பெட்டி, ஒரு பழைய பருத்தித் துணி, ஒரு போத்தல் தண்ணீர் எப்போதும் பையில் இருக்கட்டும். உங்கள் மகளுக்கும் ஒட்டுப் போடப் பழக்குங்கள்.

ஊர் சிரிக்கும். என்னைப் பார்த்தும் சிரித்தது. இப்போது அதே ஒழுங்கையில் காற்றுப் போனால் என் வீட்டுப் படலையில்தான் வந்து நிற்கிறார்கள்.

பாதிவழிக் கிணறு வரை போனதும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.