ஒரு வரித்தாள், எட்டாண்டுப் போர்!

“வலியாரோடு மோதாதே, வளைந்துகொடு” என்று அறிவுரை பகரும் கூன்முதுகினரே, கேளுங்கள்!

வேல்சு நாட்டின் இலாங்கென்னெக்கு என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் திரெவர் பீசுலி. 1952-இல் அவரும் துணைவியார் எயிலீனும் ஆங்கில வரித்தாளை ஏற்க மறுத்தனர். வேல்சு மொழியில் தந்தால் வரி செலுத்துவோம் என்றனர். வேறொன்றும் வேண்டினாரல்லர். ஊராட்சி மன்றத்தாரும் அம்மொழி பேசுவோரே, ஆயினும் மறுத்தனர். தாய்மொழிக்குத் தன்னினத்தானே பகையாகும் இழிவு அங்கும் இருந்தது!

பன்முறை வழக்குமன்றம் ஏற்றினர். ஏவலர் வந்து வீட்டுப் பொருள்களைத் தூக்கிச் சென்றனர், பியானோவும் போயிற்று. வீடு வெறுமையாயிற்று, நெஞ்சுரம் குன்றவில்லை. 1960-இல் இருமொழி வரித்தாள் வந்தது!

1962-இல் சாண்டர்சு உலூயிசு தம் வானொலிப் பொழிவில் இவ்விணையரையே எடுத்துக்காட்டினார். அவ்வாண்டே வேல்சு மொழிக் கழகம் எழுந்தது. 2011-இல் அம்மொழி அந்நாட்டின் ஆட்சிமொழித் தகுதி பெற்றது.

படையா வென்றது? பணமா வென்றது? இல்லை, கொண்ட கொள்கையில் வழுவாமையே வென்றது!

ஆங்கிலப் படிவத்தை வாய்மூடி நிரப்பிவிட்டு, ‘நானொருவன் என்செய்வேன்?’ என்னும் தமிழனே! அவர்கள் இருவரே! முதலில் உன் கையெழுத்தைத் தமிழில் இடு. பிறகு பேசு, பகைவர் வலிமையைப் பற்றி!