மதுரையில் இறங்கினால் மடி போதுமா?

லண்டனில் நாலு தெரு தள்ளி இருக்கிற மளிகைக் கடைக்குப் போனாலும் நம்மாள் குழந்தையை சீட்டில் வைத்து வார் மாட்டாமல் வண்டியை எடுக்க மாட்டார். 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை கட்டாயம். மீறினால் 500 பவுண்டு வரை தண்டம். அதே ஆள் லீவுக்கு மதுரையில் இறங்கி தேக்கடிக்கு இன்னோவா பிடித்தால், பையன் முன் சீட்டில் மடியில்! லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை அத்தனை வளைவும் அப்படியேதான். 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய எட்டுப் பேரை வாங்கின மலைப்பாதை அது.

கேட்டால், "இங்க அதெல்லாம் சட்டமில்லைங்க."

இருக்குதுங்க. 2019 திருத்தத்தில் வந்த 194பி. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் ஓட்டுகிறவருக்கு 1000 ரூபாய். 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர் இதை டிசம்பர் முதல் அமல்படுத்தப் போவதாக அறிவித்தார். நாலு வயது வரை குழந்தை இருக்கை, அதற்கு மேல் 135 செ.மீ. வரை பூஸ்டர். ஓரிரு நாளில் அமைச்சர் கணேஷ் குமார் அபராதமெல்லாம் கிடையாது என்று தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார். இத்தனைக்கும் அதற்குச் சில நாள் முன்புதான் மலப்புறத்தில், முன் சீட்டில் தாய் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஏர்பேக் விரிந்து இறந்திருந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்குவேன்" என்பது வீரம், கணக்கு வேறு. 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி மோதிச் சட்டென்று நின்றால் பத்துக் கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தக் கை தாங்கும்? தன் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் இன்னும் மோசம். அப்பாவின் எடை முழுக்கப் பிள்ளை மேல்தான் இறங்கும்.

பெரியவர் பெல்ட்டைத் தனியாகப் போட்டாலும் சின்னப் பிள்ளைக்குக் கழுத்திலும் வயிற்றிலும்தான் விழும். பூஸ்டர் ஆளைக் கொஞ்சம் உயர்த்தி, தோளெலும்பிலும் இடுப்பெலும்பிலும் விழ வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

முதுகு இல்லாத பூஸ்டர் ஒன்றிரண்டு கிலோதான். சாக்லேட்டும் சென்ட்டும் முப்பது கிலோ கட்டுகிறோமே, அதில் இடமில்லையா? பல விமானங்களில் தனிக் கட்டணமும் கிடையாது. பூஸ்டர் வயது வராத குழந்தைக்கு அங்கே போடும் சீட்டையே கொண்டு போங்கள். இன்னொன்று, வாடகை வண்டிகளில் பின் சீட் பெல்ட்டின் கொக்கி உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். புக் பண்ணும்போதே டிரைவர் அண்ணனிடம் சொல்லி வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சிரிப்பார். சிரிக்கட்டும்.