பழைய இரும்பில் ஒரு பிறந்த தேதி

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிய காலம் போய்விட்டது. ஆனால் வேலை போன வீட்டில் முதலில் எடைக்குப் போவது இன்றும் இரும்புதான். கோலார் தங்க வயலில் 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்பா ஷிஃப்டுக்கு மிதித்துப் போன சைக்கிள் அதற்குப் பிறகு வெறும் இடத்தை அடைக்கும் சாமான்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து 1956-ல் மைசூர் அரசு ஏற்கும்வரை பிரிட்டிஷ்காரர்கள் நடத்திய ஊர் இது. எனவே இங்கே பழைய சைக்கிள் தேடுபவர்கள் சீமைச் சரக்கை எதிர்பார்ப்பதில் தவறில்லை. அதை அடையாளம் காண்பதில்தான் ஏமாற்றம்.

முன்பக்க பேட்ஜை நம்பக் கூடாது. இரண்டு ஆணியைக் கழற்றினால் அது வேறு வண்டிக்குப் போய்விடும். செயின் வீலைப் பார்க்க வேண்டும். ராலே என்றால் நாரைத் தலைகள், ரட்ஜ் என்றால் விரிந்த கை, பி.எஸ்.ஏ. என்றால் அந்த மூன்று எழுத்துகள். ஹம்பரின் முன் ஃபோர்க் பக்கத்துக்கு இரட்டைக் குழாய் கொண்டது. மூன்று கியர் உள்ள ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பில் 52 என்றிருந்தால் 1952. ஆனால் அது சக்கரத்தின் வயதுதான், சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம்.

பெயரும் போதாது. சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ் 1950களிலேயே ஹெர்குலிஸை இங்கே தயாரித்தது. அசன்சோலில் சென்-ராலே ராலே தயாரித்தது. அதனால் 'மேட் இன்' என்பதற்கு அடுத்த சொல்லையும் தேடிப் படிக்க வேண்டும்.

ஜப்பான் வண்டி இன்னும் குழப்பும். 1930களில் மலிவு விலையில் இந்தியாவுக்கு வந்த அது, பிரிட்டிஷ் ரோட்ஸ்டரின் அச்சு அசலான வடிவம். கம்பி பிரேக் உட்பட. வம்சமும் ஒன்றுதான். பி.எஸ்.ஏ. பர்மிங்ஹாமின் துப்பாக்கி கம்பெனி. ஜப்பானின் மியாட்டாவும் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கி 1890-ல் சைக்கிளுக்கு வந்தது. துப்பாக்கிக் குழல் செய்யத் தெரிந்த கைக்கு சைக்கிள் குழாய் பெரிய காரியமில்லை.

வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறு, துருவைச் சுரண்டிப் புது பெயின்ட் அடிப்பது. பழைய பெயின்டோடு தங்கக் கோடு, டிரான்ஸ்ஃபர் எழுத்து எல்லாம் போய்விடும். சில சமயம் ஃபிரேம் எண்ணும் பெயின்டுக்குள் மூழ்கிவிடும். துணியும் கொஞ்சம் எண்ணெயும் போதும்.

இரண்டாவது தவறு, விலை பேசி முடித்ததும் கிளம்பிவிடுவது. எந்த ஆண்டு வண்டி என்பதை என்றாவது இரும்பு சொல்லிவிடும். அதை யார் மிதித்தார், சாம்பியன் ரீஃபுக்கா, ஊர்காவுக்கா, எந்த ஷிஃப்டுக்கு என்பதை வீட்டுப் பெரியவர் மட்டுமே சொல்ல முடியும். விற்பவருக்கும் அது தெரிந்திருந்தால் எடைக்குப் போட மாட்டார். கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தராசு தேவையில்லை.