பேஜே கடையாம்!

‘பேஜ் இருந்தாப் போதும், அதுதான் உங்க கடை.’ டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்புகளில் பல வருடங்களாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கும் வாசகம் இது. டீ-ஷர்ட்டும் காபி மக்கும் அச்சடித்து விற்க நினைக்கும் யூடியூபர்கள், இசைக்குழுக்கள், மீம் பக்கம் நடத்துபவர்கள் எல்லோருக்கும் இதே மந்திரம்தான் ஓதப்படுகிறது. ஆன்லைன் கடையை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கத்தோடு இணைத்துவிட வேண்டியதுதானாம். அத்தனை ஃபாலோயர்களும் வாடிக்கையாளர் ஆகிவிடுவார்களாம். கட்டணம் கட்டிக் கேட்ட உபதேசம் என்பதால்தானோ என்னவோ, யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

இணைப்பது சுலபம் என்கிறார்கள். சரி, சுலபம்தான். மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறுவதும் சுலபம்தான், அதனால் யாரும் சிற்பி ஆகிவிடுவதில்லை. ஃபாலோயர் எல்லாம் வாடிக்கையாளர் என்ற கணக்குக்கு வருவோம். ஒரு பக்கத்தை ஐம்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தால், போடுகிற பதிவை ஐம்பதாயிரம் பேரும் பார்ப்பார்கள் என்று இந்தக் கணக்கு வைத்துக்கொள்கிறது. 2014லேயே ஓகில்வி என்ற விளம்பர நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டுகளின் ஃபேஸ்புக் பக்கங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. விளம்பரக் காசு கொடுக்காத பதிவுகள் 2013 அக்டோபரில் சுமார் 12 சதவீத ஃபாலோயர்களைச் சென்றடைந்தன; அடுத்த பிப்ரவரியில் அது 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஃபேஸ்புக் மனம் திருந்தி எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டத் தொடங்கிவிட்டது என்று யாராவது நினைத்தால், அவர்களை என் வாதத்தால் திருத்த முடியாது.

ஆனால் உண்மையான கோளாறு இடம் யாருடையது என்பதில் இருக்கிறது. இந்த வகுப்புகள் சொல்லாமல் தாண்டிப் போகும் வரலாறு ஒன்று உண்டு. ஃபேஸ்புக்கில் கடை போடலாம் என்பது 2020 மே மாதம் ‘ஃபேஸ்புக் ஷாப்ஸ்’ வந்தபோது பிறந்த யோசனை அல்ல. 2011 வாக்கிலேயே அமெரிக்காவில் கேப், ஜேசிபென்னி, நார்ட்ஸ்ட்ராம், கேம்ஸ்டாப் போன்ற பெரிய பெயர்கள் ஃபேஸ்புக்கில் கடை திறந்தன. அடுத்த ஆண்டு தொடங்கிச் சில வாரங்களிலேயே இந்த நான்கும் மூட்டை கட்டிவிட்ட செய்தி வந்தது. நண்பர்களோடு அரட்டை அடிக்க வந்தவனிடம் சட்டை விற்க முடியவில்லை என்பதுதான் அன்று தெரிந்த பாடம். பிறகு புதுப் பெயரில் ஷாப்ஸ் வந்தது. நேரலையில் பொருளைக் காட்டி விற்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனத்தார் சொன்னார்கள். ஃபேஸ்புக்கில் அந்த வசதி 2022 அக்டோபரில் நின்றது, இன்ஸ்டாகிராமில் 2023 மார்ச்சில் நின்றது. இன்ஸ்டாகிராமின் அடிவரிசையில் கடைக்கென்று தனியாக இருந்த பட்டன், 2023 பிப்ரவரியில் காணாமல் போனது. பணத்தையும் எங்கள் ஆப்புக்குள்ளேயே கட்ட வையுங்கள் என்று அமெரிக்கக் கடைக்காரர்களை நெருக்கினார்கள். 2025ல் அதையே திருப்பி, வாங்குபவரை உங்கள் வெப்சைட்டுக்கே அனுப்புகிறோம் என்றார்கள். வெப்சைட்டே வேண்டாம் என்று பாடம் நடத்தியவர்கள் இந்தத் திருப்பத்தை எப்படி விளக்கினார்கள் என்று கேட்க ஆசைதான். வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வாசலை இடம் மாற்றுகிற வாடகை வீட்டில் வியாபாரம் நடத்துவது போன்றது இது. வாசலை மாற்றுவதாவது பரவாயில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 ஆப்களைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் சேர்த்த கூட்டம் முழுவதும் ஒரே இரவில் கைவிட்டுப் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. ஆர்டர் வாங்குவது, விலை சொல்வது, பார்சல் எங்கே என்று பதில் சொல்வது எல்லாமே அந்த மூன்றுக்குள் வைத்திருந்தவர்கள் அந்த இரவு என்ன செய்திருப்பார்கள்?

வாங்குபவருக்கு எளிது என்பது அடுத்த வாதம். ஏதாவது ஒரு டீ-ஷர்ட் பதிவைத் திறந்து பாருங்கள். படத்தின் மேலேயே டேக் இருக்கும், தொட்டால் விலையும் வரும். கீழே கமெண்டில் ‘விலை என்ன அண்ணா?’, ‘எக்ஸ்எல் இருக்கா?’, ‘சிஓடி உண்டா?’ என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். விற்பவர் ஒவ்வொருவருக்கும் ‘டிஎம் பண்ணுங்க’ என்று பதில் போட்டிருப்பார். டேக்கைத் தொட்டவருக்கும் கதை அங்கே முடிவதில்லை. அது ஆப்புக்குள்ளேயே ஒரு பிரவுசரைத் திறக்கும். அங்கே முகவரி அடித்து, அளவு தேர்ந்தெடுத்து, பணம் கட்ட ஜிபேக்குத் தாவும்போது பக்கமே மறைந்துபோவதும் உண்டு. இத்தனையும் தாண்டி வாங்குபவர், இணைப்பே இல்லாவிட்டாலும் தேடி வந்து வாங்கியிருப்பார்.

‘பெரிய பிராண்டுகள் எல்லாம் இணைத்திருக்கிறார்களே’ என்று கடைசியாகக் கேட்பார்கள். இணைத்திருக்கிறார்கள்தான். அவர்களுக்குச் சொந்த வெப்சைட் இருக்கிறது, தெருவில் ஷோரூம் இருக்கிறது, மாதாமாதம் ஃபேஸ்புக்குக்கே விளம்பரக் காசு கட்டும் பட்ஜெட்டும் இருக்கிறது. அவர்களுக்குப் பேஜ் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். பலகை விழுந்தால் கடை விழாது. நூறு டீ-ஷர்ட்டுக்குத் திருப்பூரில் ஆர்டர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சின்ன இசைக்குழுவிடம் அந்தப் பலகையை மட்டும் தூக்கிக் கொடுத்து, கடை கட்டித் தந்துவிட்டோம் என்கிறார்கள். வாங்கிய பத்துப் பேரின் போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி இந்த வகுப்புகளில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. அதற்குக் கட்டணம் வசூலிக்க முடியாது என்பது காரணமாக இருக்கலாம்.